கீழ்த்தாடையில் இரண்டு மரையாணி

மேல் பல்செட் நிற்கும், கீழ்ப் பல்செட் நிற்காது. முழுப் பல்லும் போனவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மேலே அகலமான அண்ணம் இருக்கிறது. பல்செட்டின் தட்டு அதன்மேல் பொருந்தி உட்காரும். நடுவே மெல்லிய எச்சில் படலம் பரவி, காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். கீழே அப்படிப்பட்ட பரப்பு கிடையாது. லாட வடிவில் குறுகலான ஓர் ஈற்றுத் திட்டு, நடுவே ஒரு கணமும் சும்மா இராத நாக்கு, இரண்டு பக்கமும் கன்னத்தசை, அவ்வளவுதான். கொட்டாவி விட்டால் தட்டு எழும்பும், தும்மினால் நழுவும். ஒரு கடலைத் துணுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

அதனால்தான் சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ வீடுகளில் பணம் கொடுத்துக் கட்டிய பல்செட் பாதி நேரம் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது. கல்யாணத்துக்குப் புறப்படும்போது மாட்டிக்கொள்வார்கள். போட்டோ எடுத்து முடித்து இலையில் உட்காரும்போது அது கைக்குட்டையில் சுருண்டு சுருக்குப்பைக்குள் போய்விடும். சாப்பிடுவதற்கென்று செய்த பல்லைச் சாப்பிடும் நேரத்தில்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. கோயில் கிடாவெட்டு விருந்தில் “எனக்குச் சாறு மட்டும் ஊத்து கண்ணு, கறி வேண்டாம்” என்று சொல்கிற அமுச்சிகளுக்குக் கறி பிடிக்காமல் போய்விடவில்லை.

பல் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் மரையாணி, என்றதும் நம் கண்ணில் படுவது விளம்பரத் தட்டிகளில் வருகிற நடுவயதுக்காரரின் பளீர்ச் சிரிப்பு. ஆனால் இந்த நுட்பத்தால் அன்றாட வாழ்க்கை அதிகம் மாறுவது யாருக்கு என்று கேட்டால், நான் பல்லே இல்லாத முதியவரைத்தான் சொல்வேன். அதுவும் வாய் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு வைத்து அல்ல, கீழ்த்தாடையில் இரண்டே இரண்டு வைத்து. இதை நம் பக்கத்தில் போதுமான அளவு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கீழ்ப் பல்செட் நிற்காமல் போவதற்கு அதைச் செய்தவரின் கைக்குறைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதைத் தாங்க வேண்டிய எலும்பே ஆண்டுக்கு ஆண்டு கரைந்துகொண்டிருக்கிறது. இயற்கைப் பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாத ஒரு நார்ப்படலம் உண்டு. நாம் கடிக்கும்போதெல்லாம் அந்த நார்கள் எலும்பை இழுக்கும். இழுபடுகிற எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லைப் பிடுங்கிய அன்றோடு அந்த வேலை நின்றுபோகிறது. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை.

டென்மார்க்கில் செய்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. கடைவாய்ப் பக்கத்துப் பல் ஒன்றைப் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அந்தத் தேய்வில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்கும் முன்பு, 1972-இல், தால்கிரென் என்ற ஆய்வாளர் முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை எக்ஸ்ரே எடுத்துப் பின்தொடர்ந்த முடிவுகளை வெளியிட்டார். மேல்தாடையைப் போல நான்கு மடங்கு கீழ்த்தாடை தேய்ந்திருந்தது. பல் போனவர்களின் முகம் சுருங்கி, உதடு உள்ளே மடங்கி, முகவாய் முன்னே தள்ளிக்கொண்டு வருவதற்கு வயது மட்டும் காரணமில்லை. உள்ளே தாங்கி நின்ற எலும்பு போய்விட்டது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பல்செட் கட்டியும் ஒவ்வொரு செட்டும் முந்தையதைவிடச் சீக்கிரம் லொடலொடக்கிறது என்றால் அதற்கும் இதுதான் காரணம்.

இதனால் தட்டில் என்ன மாறுகிறது? நல்ல கடைவாய்ப் பற்கள் இருக்கிற பெரியவரால் 50, 60 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கடிக்க முடியும். முழுப் பல்செட்டோடு கடிப்பவரின் விசை அதில் நாலில் ஒரு பங்கு, சிலருக்கு ஐந்தில் ஒரு பங்கு. அந்த விசையில் சேலத்துத் தட்டுவடை செட் நொறுங்காது. பள்ளிபாளையம் சிக்கனில் கறியைக்கூட எப்படியோ பிய்த்து விழுங்கலாம், கூடவே வதக்கிப் போடுகிற தேங்காய்க் கீற்றை மெல்ல முடியாது. பச்சைக் கேரட், கொய்யா, வறுத்த நிலக்கடலை, கீரைத்தண்டு எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப் போகும். மிஞ்சுவது குழைந்த சோறு, ரசம், பாலில் நனைத்த பன், ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர் சேலம். ஆனால் அது ஏறக்குறைய முழுக்க முழுக்க மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் இல்லாத அந்தச் சாப்பாடே வேளாவேளைக்கு என்றாகிவிட்டால், சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறும், தசை இளைக்கும், மலச்சிக்கல் வரும். “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

இதற்கு வழி பிறந்த கதையில் ஒரு ஸ்வீடன்காரரின் முயல்கள் வருகின்றன. பெர் இங்வர் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1952-இல் எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க விரும்பினார். பல்லுக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் செய்த சிறு கண்காணிப்புக் குழாயைப் பொருத்தி, அதன் வழியே நுண்ணோக்கியில் பார்த்தார். வேலை முடிந்து குழாயைக் கழற்றப் போனபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருந்தது. அந்நியப் பொருளைச் சுற்றி உடம்பு சதை உறை போட்டு ஒதுக்கும் என்பதுதான் அதுவரை எல்லோரும் அறிந்தது. பிரோனமார்க் இதை விடாமல் பிடித்துக்கொண்டார். 1965-இல் யோஸ்தா லார்சன் என்ற ஸ்வீடன்காரரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய மரையாணிகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடை சரியாக அமையாமல், வலியோடு காலம் தள்ளியவர் லார்சன். 2006-இல் அவர் இறக்கும்வரை அந்த ஆணிகள் வாயில் வேலை செய்தன, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக. ஆனாலும் பல் மருத்துவ உலகம் 1982-இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் இந்த முறையைப் பரவலாக ஏற்றது. தொடங்கி முப்பது ஆண்டு கழித்துக் கிடைத்த அங்கீகாரம் அது.

டைட்டானியம் நமக்குத் தொலைதூரப் பொருளில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்தான் அதன் தாது. அந்த உலோகம் காற்றுப் பட்ட நொடியிலேயே தன்மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். துருப்பிடிக்காது, எச்சிலில் கரையாது. எலும்பு செல்கள் தொடுவது அந்தப் படலத்தைத்தான். ஆணியைப் பதித்ததும் சுற்றிலும் ரத்தம் உறைகிறது. அந்த உறைவு வலையில் புது ரத்தக்குழாய்கள் நுழைகின்றன. பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் வந்து ஆணியின் மரைகளுக்குள் புது எலும்பை இழைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் பதித்த அன்று இறுக்கமாக இருக்கிற ஆணி, மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் இளகும். அறுபட்ட பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு இன்னும் முற்றாத இடைவேளை அது. அந்த நாட்களில் ஆணியை அசைத்துவிட்டால் எலும்புக்குப் பதில் சதை வளர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்.

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இந்தச் சிகிச்சையை விளக்குவது எளிது. நாடெங்கும் போர்வெல் வண்டி அனுப்புகிற ஊர் அது. நீரோட்டப் பாயிண்ட் பார்க்காமல் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. மேல்மண் எவ்வளவு, பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால்தான் கேசிங் பைப் கணக்கு வரும். பல் மருத்துவரும் முதலில் ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரம், அகலம், அடர்த்தி, நரம்பு ஓடும் தடம் எல்லாவற்றையும் பார்க்கிறார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, 2 மில்லிமீட்டர் பிட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றாகத் துளையை அகலப்படுத்துகிறார். கடைசியில் இறங்குகிற ஆணி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் குறுக்களவும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. ஒப்புமை இதோடு முடிகிறது. பாறைக்குச் சூடு தெரியாது, எலும்புக்கு உயிர் இருக்கிறது. 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு செல்கள் சாகத் தொடங்கும் என்று 1983-இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். அதனால் பிட் மெதுவாகச் சுற்றுகிறது, நுனியில் உப்புநீர் விடாமல் பீய்ச்சப்படுகிறது. அவசரம் காட்டும் கை இதற்கு ஆகாது.

இப்போது அந்த இரண்டு ஆணிகளுக்கு வருவோம். கீழ்த்தாடைக்குள் ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். முன்கடைவாய்ப் பல் இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும், அது எலும்பை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே, அதாவது கீழ்த்தாடையின் முன்பகுதியில், அந்த நரம்பு பற்றிய கவலை குறைவு. அங்கே எலும்பு கெட்டியானது. மற்ற இடமெல்லாம் கரைந்த பிறகும் பெரும்பாலோருக்கு அங்கே போதுமான எலும்பு மிச்சமிருக்கும். கோரைப்பல் இருந்த இடங்களில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆணி பதிக்கிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து, ஆணிகளின் தலையில் குமிழ் போன்ற உலோகப் பிடியைப் பூட்டுகிறார்கள். பல்செட்டின் அடியில் அதற்கு நேராகச் சின்ன நைலான் வளையம் உட்காரும். மாட்டும்போது ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். ராத்திரி கழற்றிக் கழுவி வைக்கலாம். அந்த நைலான் வளையம் தேய்ந்துபோகும், அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றுவது சில நிமிட வேலை.

2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் ஒரு முடிவை அறிவித்தார்கள். பல்லில்லாத கீழ்த்தாடைக்கு வெறும் பல்செட் இனி முதல் தேர்வாக இருக்கக் கூடாது, இரண்டு இம்பிளான்ட் தாங்கும் பல்செட்தான் முதல் தேர்வு என்றார்கள். 2009-இல் பிரிட்டனின் யார்க் நகரில் வெளியான அறிக்கையும் அதையே வழிமொழிந்தது. இந்த ஏற்பாட்டில் கடிவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆணி நிற்கிற முன்தாடை எலும்பு தேய்வதும் வெகுவாகக் குறையும், ஏனென்றால் அதற்கு மறுபடி வேலை வந்துவிட்டது. வாய் முழுக்க ஆறு எட்டு ஆணி வைத்துக் கழற்றாத பல் கட்டினால் இன்னும் நன்றாக மெல்லலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆடும் பல்செட்டிலிருந்து இரண்டு ஆணிக்குப் போவதில் கிடைக்கிற முன்னேற்றத்துக்கு ஈடானது, இரண்டிலிருந்து எட்டுக்குப் போவதில் கிடைப்பதில்லை.

வாய் நலத்தால் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அளக்க ஒரு கேள்வித்தாளே உண்டு. ஆஸ்திரேலியாவில் 1994-இல் 49 கேள்விகளோடு உருவாக்கி, 1997-இல் 14 ஆகச் சுருக்கினார்கள். சொற்களைச் சொல்லச் சிரமப்பட்டீர்களா, சாப்பாட்டை நடுவில் நிறுத்த நேர்ந்ததா, கூச்சப்பட்டீர்களா, மற்றவர்கள்மேல் எரிச்சல் வந்ததா, அன்றாட வேலை தடைப்பட்டதா என்ற வகையில் அது கேட்கிறது. கீழ்ப் பல்செட்டை ஆணியில் பூட்டியவர்களின் பதில்கள் பல நாட்டு ஆய்வுகளிலும் நல்ல பக்கமாகவே நகர்ந்திருக்கின்றன. கேள்விகளைக் கவனியுங்கள், பாதிக்குமேல் வாயைப் பற்றியதே இல்லை. நாலு பேர் முன்னால் உட்கார்வதைப் பற்றியது.

பேச்சையும் இதில் சேர்க்க வேண்டும். த, ந ஆகிய எழுத்துகள் நாக்கு மேற்பல்லின் அடியைத் தொடுவதால் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. வகரத்துக்கு மேற்பல்லும் உதடும் சேர வேண்டும். கீழ்ப் பல்செட் எழும்பாமல் இருக்க நாக்கால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பேசுகிறவருக்கு, நாக்கு மேலே போய்த் தொட நேரமேது? பேரப்பிள்ளை போனில் “என்ன தாத்தா சொல்றீங்க?” என்று மூன்றாம் முறை கேட்டதும் பேச்சையே குறைத்துக்கொண்டவர்கள் உண்டு. பல்செட் ஓரிடத்தில் நின்றால் நாக்குக்குக் காவல் வேலை போய்விடுகிறது.

சில ஆசைகளுக்குக் கடிவாளம் போடவும் வேண்டும். மெல்ல முடிந்துவிட்டால் சத்தான சாப்பாடு தானாக வந்துவிடும் என்பதில்லை. பல் கட்டிய பிறகும் பலர் பத்து வருடப் பழக்கத்தில் கஞ்சியையே தொடர்கிறார்கள். ஆய்வுகளும் பல்லோடு சாப்பாட்டு ஆலோசனையும் சேர்ந்தால்தான் தட்டு மாறுகிறது என்கின்றன. ஆறுமாதம் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, “பயறு சாப்பிடுங்க அப்பாரு, இப்பத்தான் மெல்ல முடியுமே” என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆணி ஆறுகிற மாதங்களுக்கு முட்டை இருக்கவே இருக்கிறது. நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை, அவித்ததை அதிகம் மெல்ல வேண்டியதில்லை, நல்ல புரதம்.

அடுத்தது புகையிலை. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் நிறைய. வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களும், இரவு வண்டி ஓட்டத்தில் பீடி, சிகரெட் பிடிக்கிற லாரி ஓட்டுநர்களும் இங்கே அதிகம். புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈற்றின் ரத்த ஓட்டம் குறைந்து, புது எலும்பு சரியாக இழைவதில்லை. சர்க்கரை நோய் இருந்தாலே முடியாது என்று நினைக்க வேண்டாம், கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கட்டுமீறிக் கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எலும்பு மெலிவுக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ எடுத்துக்கொள்கிற பெண்கள் அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளால் அறுத்த தாடை ஆறாமல் போகிற அபாயம் உண்டு. ஆணிக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகலாம். பெரும்பாலும் நோய் முற்றும்வரை வலியும் தெரியாது. பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் நிலைக்கிற சிகிச்சைதான் இது. அந்தக் கணக்கு, தினமும் துலக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டியவர்களின் கணக்கு.

வருத்துகிற இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியின் கடும்பாறைக்குள் ஆழமாகப் போட்ட போர்வெல்களில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குழந்தைப் பருவத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையும் குழியும் விழும். கறையுள்ள பல் உறுதியாக நின்றால் அதைப் பிடுங்கவே கூடாது. வெளுக்கும் பூச்சோ மேலே ஒட்டும் மெல்லிய ஓடோ கேப்போ போதும். “எல்லாத்தையும் எடுத்துட்டு இம்பிளான்ட் வெச்சுடுங்க டாக்டர்” என்று கேட்டுவருகிற இளைஞரைத் திருப்பி அனுப்புவதுதான் நல்ல மருத்துவம். அதேபோல ஒன்றிரண்டு கடைவாய்ப் பல் போன எல்லோருக்கும் இம்பிளான்ட் தேவையில்லை. வாயில் எதிரெதிராகப் பொருந்தும் இருபது பல் இருந்தால் ஒருவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிட முடியும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவுகோல். ஜப்பான் 1989 முதல் எண்பது வயதில் இருபது பல் என்று ஓர் இயக்கமே நடத்துகிறது.

இம்பிளான்ட் தேவைப்படுகிறவர்களுக்கு அதைச் செய்ய இங்கே கை இல்லாமல் இல்லை. சேலம் அரியானூரில் 1986 முதல் ஒரு பல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. திருச்செங்கோட்டில் மட்டும் இரண்டு. எல்லாம் தனியார் கல்லூரிகள், ஆனால் ஆசிரியர் பார்வையில் மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்குக் கட்டணம் பொதுவாக வெளிக் கிளினிக்கைவிடக் குறைவு. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளோ சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று தூரத்தில் இருக்கின்றன. கேரள அரசு ‘மந்தஹாசம்’ என்ற பெயரில் ஏழை முதியோருக்கு இலவசமாகப் பல்செட் தருகிறது. நம்மிடம் அதற்கு ஒருபடி மேலே போகலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. பல்லில்லாத ஏழை முதியவருக்கு அங்கே கீழே இரண்டு ஆணியும் ஒரு பல்செட்டும் கிடைக்கச் செய்வதை ஆடம்பரச் செலவாக நான் பார்க்கவில்லை. கண்புரைக்கு இலவசமாக லென்ஸ் வைத்து, பார்வையைத் திருப்பித் தருகிற அரசு அமைப்பு, மெல்லுகிற திறனையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

இம்பிளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. சிகிச்சை முடிந்ததும் ஆணியின் கம்பெனி, மாடல், குறுக்களவு, நீளம், பதித்த தேதி எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனி ஆணிக்கும் பிடியும் திறப்பானும் வேறு. நாமக்கல் லாரியோடு போனவருக்கு நாக்பூரில் வைத்துப் பிடி கழன்றால், எந்த ஆணி என்று தெரியாமல் அங்கேயுள்ள மருத்துவர் எதையும் தொட முடியாது. அட்டையை போட்டோ எடுத்து போனில் ஒன்று, வீட்டில் மகனோ மகளோ வைத்திருக்கும் போனில் ஒன்று இருக்கட்டும்.